சோளகம் ஓய்ந்து வாடை எழும்புமுன்: யாழ்ப்பாணத்திலிருந்து மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளுக்கு மூன்று வழிகள்

நல்லூர்த் திருவிழா முடிந்த பிறகு, தீபாவளிக்கு முன்பின்னாக நாலைந்து நாள் ஒதுக்கி மலைநாட்டுக்குப் போய்வர நினைக்கும் இரண்டு கூட்டாளிகளுக்காக இதை எழுதுகிறோம். புரட்டாசி, ஐப்பசி என்ற இரண்டு மாதங்களுக்குள் மலைநாடு இரண்டு தடவை முகம் மாறுகிறது. ஒரு கிழமை முந்தினாலோ பிந்தினாலோ, படத்தில் பார்த்த அருவி பாறையில் ஒட்டிய வெள்ளை நூலாகக் கிடக்கும். இல்லாவிட்டால் கிட்டப்போக முடியாத சேற்றுவெள்ளமாக இரையும். ஆகவே வழியைத் தெரிவு செய்யுமுன் காற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம் வீசுகிறது. தென்மேற்கிலிருந்து வரும் ஈரம் முழுவதும் கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலை என்ற மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று வறண்டுபோகிறது. கிழக்கில் கச்சான் என்று சொல்லுவது அந்தக் காற்றைத்தான். அதனால் செப்டெம்பரில் மேற்குச் சரிவின் அருவிகள் நிறைந்து விழும். பதுளை, எல்ல, கொஸ்லாந்தைப் பக்கத்து அருவிகள் மெலிந்து கிடக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்றில் இது தலைகீழாகும். இடையில் வரும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்று ஓய்ந்து, காலையில் வெயில், மத்தியானம் முகில், பின்னேரம் இடிமழை என்று நாள் போகும். இரண்டு சரிவுக்கும் தண்ணீர் கிடைப்பது இந்த இடைவெளியில்தான். பயணத்தின் நேர ஒழுங்கு முழுவதும் இந்த இடிமழையை வைத்தே அமைய வேண்டும்: விடியுமுன் புறப்பட்டு, மத்தியானம் 2 மணிக்குள் ஏற்றமும் அருவியும் முடித்து, பின்னேரம் அறைக்குள் இருந்துவிட வேண்டும்.

கடைசி எச்சரிக்கை நவம்பர் நடுப்பகுதிக்குப் பிந்திய நாட்களுக்கு. வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் காலம் அது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகளை உண்டாக்கி, உயிர்களோடு வீதிகளையும் ரயில் பாதையையும் கொண்டுபோனது. கார்த்திகை பிறந்துவிட்டால் பயணத்தை மாசிக்குத் தள்ளிவையுங்கள்.

மாத்தளை வரை ஒரே பாதை

மூன்று வழிக்கும் முதல் 300 கிலோமீற்றர் ஒன்றுதான்: ஏ9. முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக்கொண்டு, வவுனியாவில் காலைச் சாப்பாடு, தம்புள்ளையில் மத்தியானம், பின்னேரம் 2 மணி போல மாத்தளை. யாழ்ப்பாணத்தில் காலை 4.30க்கு முன்னர் புறப்பட வேண்டாம். மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் கட்டாக்காலி மாடுகள் இரவில் சூடான தாரில் படுத்திருக்கும். கறுப்பு மாடு வெளிச்சத்தில் தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது. 4.30க்குப் புறப்பட்டால் அந்தத் துண்டை விடிந்தபிறகு தாண்டலாம்.

பலர் முதல் நாளே கண்டிக்குப் போய்த் தங்குகிறார்கள். நாங்கள் மாத்தளையைச் சொல்லுவோம். கண்டியை விட அறை மலிவு, முத்துமாரியம்மன் கோயில் பக்கத்தில் மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும், புரட்டாசிச் சனி விரதக்காரருக்கும் இடைஞ்சல் இல்லை. இன்னொரு காரணம் அக்குறணை. மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையில் உள்ள அந்தச் சிறு நகரத்தில் பிங்கா ஓயா பெருகினால் வீதியே ஆறாகிவிடும். பெரும்பாலும் பின்னேர மழைக்குப் பிறகுதான். விடிய 5 மணிக்கு மாத்தளையில் இருந்து புறப்பட்டால் அக்குறணையையும், பள்ளிக்கூட நேரத்தில் நகரவே நகராத கட்டுகஸ்தோட்டை – பேராதனைத் துண்டையும் 6.30க்குள் தாண்டிவிடலாம்.

முதல் வழி: றம்பொடை, நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன்

மொத்தம் 850 கிலோமீற்றர் அளவு, நாலு நாள். முதல்முறை போகிறவர்களுக்கு எங்கள் தெரிவு இதுதான்.

இரண்டாம் நாள் காலை பேராதனையிலிருந்து ஏ5 வீதியில் கம்பளை, புசல்லாவை வழியாக ஏறுகிறீர்கள். பேராதனையிலிருந்து நுவரெலியாவுக்கு 70 கிலோமீற்றர் சொச்சம்தான். ஆனால் உயரம் 500 மீற்றரில் இருந்து 1,868 மீற்றருக்குப் போகிறது. சராசரி வேகம் மணிக்கு 25 முதல் 30 கிலோமீற்றருக்கு மேல் வராது. யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒன்றரை மணிநேரம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மூன்று மணிநேரம் ஒதுக்குங்கள். புசல்லாவையில் காலைச் சாப்பாடு. இங்கிருந்து ஹற்றன் வரை கடை, தோட்டம், பஸ் எல்லா இடமும் தமிழிலேயே பேசிப் போகலாம். வழி கேட்பதற்கும், மண்சரிவு ஏதும் உண்டா என்று விசாரிப்பதற்கும் இது எவ்வளவு உதவி என்பது சிங்களம் தெரியாமல் ஊவாப் பக்கம் போனவர்களுக்கு விளங்கும். கொழுந்து எடுக்கிற அம்மா ஒருத்தர் “மேல மழை இறங்கிருச்சு தம்பி, இப்ப போகாதீங்க” என்றால் அதற்கு மேல் ஒரு வானிலை அறிக்கை வேண்டியதில்லை. அந்த மலையோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

றம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர். ஒரே வீழ்ச்சியாக இல்லாமல் தட்டுத் தட்டாக இறங்குகிறது. வீதியில் நின்றே மேற்பகுதியைப் பார்க்கலாம். கீழ்ப்பகுதிக்குப் படிகள் இறங்க வேண்டும், அந்தப் படிகள் மழையில் பாசி பிடித்து வழுக்கும். காலை 9 மணிக்கு முன்னர் போனால் மூடுபனி இராது, பஸ் கூட்டமும் இராது. பக்கத்தில் அனுமார் கோயில் இருக்கும் மேட்டிலிருந்து கொத்மலை நீர்த்தேக்கம் முழுவதும் தெரியும். அதன் பிறகு லபுக்கலையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மத்தியானத்துக்கு முன் நுவரெலியா. அறை எடுக்கும்போது சுடுதண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். இரவில் 12 பாகை அளவுக்குக் குளிர் இறங்கும், நனைந்து வந்த யாழ்ப்பாணத்து உடம்புக்கு அது சிறிய விஷயம் இல்லை.

மூன்றாம் நாள் மேற்கே ஏ7 வீதி. நானுஓயா தாண்டி வரும் றதெல்லக் குறுக்குப்பாதையைத் தவிர்த்துவிடுங்கள். கடும் செங்குத்தான அந்த இறக்கத்தில் 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வானையும் ஓட்டோவையும் மோதி ஏழு பேர் இறந்தார்கள். லிந்துலைப் பக்கத்துப் பிரதான வீதி சுற்றுத்தான். அதனால் இழப்பு சில நிமிடங்களே. தலவாக்கலையைத் தாண்டியதும் முதலில் சென் கிளயர், 80 மீற்றர். அடுத்துச் சில கிலோமீற்றரில் டெவன், 97 மீற்றர். இரண்டையும் வீதியோரம் நின்றே பள்ளத்தாக்குக்கு அப்பால் பார்க்கலாம். காலில் பலம் இல்லாதவர்களுக்கும், திடீர் மழைக்கும் இதைவிட வசதியான இடம் வேறு இல்லை. ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: சென் கிளயருக்கு மேலே தலவாக்கலையில் அணை கட்டி, கொத்மலை ஓயாவின் நீரை மேல் கொத்மலை மின் நிலையத்துக்குத் திருப்புகிறார்கள். 2012இல் அது இயங்கத் தொடங்கியதிலிருந்து இந்த அருவி பழைய படங்களில் உள்ள அகலத்துக்கு வருவது நல்ல மழை நாட்களில்தான். டெவனுக்கு அந்தக் குறை இல்லை.

ஹற்றனில் இருந்து கினிகத்தேனை, நேரம் இருந்தால் நோர்ட்டன் பிரிட்ஜ் வீதியில் திரும்பி அபர்தீன், 98 மீற்றர். செப்டெம்பரில் இதற்கு நிகர் இந்த வழியில் இல்லை. ஆனால் படிகளில் இறங்கி ஏற ஒன்றரை மணிநேரம் வேண்டும். மத்தியானம் 12ஐத் தாண்டிவிட்டால் விட்டுவிட்டு நாவலப்பிட்டி, கம்பளை வழியாகத் திரும்புங்கள்.

இரண்டாவது வழி: எல்ல, கொஸ்லாந்தை, பதுளை

இது ஐந்து நாள், ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர். நுவரெலியா வரை முதல் வழியேதான். பிறகு சீதாஎலிய, வெலிமடை, பண்டாரவளை, எல்ல. அங்கிருந்து இறங்கி இராவணா அருவி, வெல்லவாய. மறுபடி ஏறிக் கொஸ்லாந்தை தியலும, அப்புத்தளை. அல்லது எல்லயிலிருந்து பதுளை துன்ஹிந்த.

அழகில் இந்த வழிதான் மேல் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தியலும 220 மீற்றர், அப்புத்தளைக்கு மேற்கே கலுபகணையில் உள்ள பம்பரகந்த 263 மீற்றர், இலங்கையில் மிக உயரமானது. துன்ஹிந்த 64 மீற்றர்தான், என்றாலும் நீர்த்தூசி புகைபோல எழும்பி ஆளை நனைக்கும். அதற்குப் போகும் ஒன்றரைக் கிலோமீற்றர் நடையும் நல்ல நடை. குறை காலத்தில்தான். செப்டெம்பரில் தியலுமவைப் பார்க்கப் போவது, கோடையில் வழுக்கையாற்றைப் பார்க்கப் போவது மாதிரி. ஒக்டோபர் மூன்றாம் கிழமைக்குப் பிறகுதான் ஊவா அருவிகளுக்கு உயிர் வரும். அதே நாட்களில்தான் மண்ணும் ஊறிப் பாரமாகிறது. கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. ஆகவே இந்த வழிக்கு ஒத்துவருவது ஒக்டோபர் 20க்கும் நவம்பர் முதற்கிழமைக்கும் இடைப்பட்ட நாட்கள். அதுவும் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் கனமழை பெய்யாதிருந்தால் மட்டும்.

எல்ல – வெல்லவாய வீதி 27 கிலோமீற்றரில் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறது. 2025 செப்டெம்பரில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இந்த வீதியில்தான். கல் உருண்டு வீதி மூடப்படுவதும் உண்டு. பகலில், கீழ்க் கியரில் மட்டும். இராவணா அருவியடியில் குளிக்க ஆசை வரும். பாறை வழுக்கி அங்கே உயிர் போனவர்கள் பலர். வீதியில் நின்று பார்த்தாலே போதுமான அருவி அது.

தியலுமவின் மேல் தடாகங்களுக்குப் பூனாகலை வீதிப் பக்கத்திலிருந்து நடந்து இறங்க வேண்டும். காலை 10 மணிக்குள் அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். இடிச் சத்தம் கேட்டாலோ, தெளிந்த தண்ணீர் திடீரென்று பழுப்பாகிச் சருகும் குச்சியும் வரத் தொடங்கினாலோ, அந்த நிமிடமே கரையேறுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வந்து சேரும். இது எல்லா அருவிக்கும் பொருந்தும். தியலுமவின் விளிம்பில் பிழைவிட இடமே இல்லை என்பதால் இங்கே சொல்லுகிறோம்.

திரும்பி வர இரண்டு வழி. மகியங்கனை வழியாகக் கண்டிக்கு ஏறினால் பதினெட்டு வளைவு. பொலநறுவை, ஹபரணை, மரதன்கடவலை என்று சமவெளியால் வந்தால் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு வீதியில் யானை. சமவெளியால் வருவதென்றால் பதுளையில் காலை 6க்குப் புறப்படுங்கள்.

மூன்றாவது வழி: றத்தோட்டை, றிவஸ்டன்

மூன்றே நாள், 700 கிலோமீற்றர். மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக 30 கிலோமீற்றர் ஏறினால் நக்கிள்ஸ் தொடரின் மேல் றிவஸ்டன் கணவாய். வழியில் தொங்குபாலத்தோடு பம்பரகிரி அருவி; கணவாயைத் தாண்டி இலுக்கும்புரப் பக்கம் இறங்கினால் பிட்டவலைப் புல்வெளி; அதற்கும் அப்பால் செர அருவி, தண்ணீர்த் திரைக்குப் பின்னால் இருக்கும் குகைக்குள் போய் நிற்கலாம். உயரத்தில் இவை சிறியவை. ஆனால் கண்டி நெரிசலும் நுவரெலியாச் சனமும் இல்லாமல், கிழமைக் கடைசி இரண்டு நாளோடு ஒரு நாள் லீவு சேர்த்துப் போய்வர வேறு மலை நமக்குக் கிட்ட இல்லை. பெற்றோலை றத்தோட்டையிலேயே நிரப்புங்கள். வீதி ஒடுக்கம், எதிரே வான் வந்தால் யாராவது ஒருவர் பின்னுக்கு எடுக்க வேண்டும். அட்டை நிறைய. மேசுக்கும் காலுக்கும் சவர்க்காரத்தைக் கட்டியாகத் தேய்த்துக்கொண்டு போனால் ஏறாது. ஏறினால் பிடுங்காமல் உப்பு வையுங்கள். நவம்பரில் முகில் இறங்கி நின்றால் கணவாயில் பத்து மீற்றர் தூரம் தெரியாது. அந்த நாளில் பம்பரகிரியோடு திரும்புவதே நல்லது.

மோட்டார் சைக்கிளா, காரா

பெற்றோல் கணக்கு முதலில். முதல் வழிக்கு 150 சீசீ மோட்டார் சைக்கிள் ஒன்று 21 லீற்றர் அளவு குடிக்கும். ஆளுக்கொன்று என்றால் 42. சின்னக் கார் மலையையும் சேர்த்து லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடினால் 57 லீற்றர். இரண்டு சைக்கிளுக்கும் ஒரு காருக்கும் வித்தியாசம் 15 லீற்றர்தான். அந்தக் காசுக்கு நனையாமல் போகலாம்.

ஒரே சைக்கிளில் இரண்டு பேர் என்றால் கணக்கு மாறும், ஆனால் வலு போதாது. நுவரெலியா உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் எஞ்சினின் வலு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். 100 சீசீ சைக்கிள் இரண்டு பேரையும் பையையும் ஏற்றிக்கொண்டு லபுக்கலை ஏற்றத்தில் முதலாம் கியரில் திணறும். கிளச் தட்டு கருகும். 150 சீசீயில் இரண்டு பேர், இரண்டு சிறிய பை என்பது றிவஸ்டனுக்குச் சரி. முதல் வழிக்கு ஆளுக்கொரு சைக்கிள் வேண்டும். இரண்டாவது வழிக்குச் சைக்கிளைச் சொல்லமாட்டோம். மழையில் நனைந்த கை 15 பாகைக் குளிரில் விறைத்துப்போனால் பிரேக் பிடி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. ரெயின்கோட்டோடு இறப்பர் கையுறையும் கட்டாயம். செயின் தொய்வு நடுவில் 20 முதல் 30 மில்லிமீற்றர். ரியூப் ரயர் என்றால் மேலதிக ரியூப் ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

காருக்கு யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒரு குறை உண்டு: நம்முடைய கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக் கல் ஊடாக ஊறிய தண்ணீரை வருடக்கணக்காக ரேடியேற்றருக்குள் ஊற்றியிருந்தால் உள்ளே வெள்ளைப் படிவு கட்டி, குழாய்கள் பாதி அடைபட்டிருக்கும். சமதரையில் இது தெரியவராது. வேகத்தில் காற்று அடித்துக் குளிர்த்திவிடும். புசல்லாவைக்கு மேலே இரண்டாம் கியரில், காற்று இல்லாமல், அரை மணிநேரம் ஏறும்போதுதான் சூட்டு முள் எழும்பும். புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே ரேடியேற்றரைக் கழுவி, கூலன்ற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சரி பாதியாக நிரப்பி, ஊருக்குள் ஓட்டிக் கசிவு பாருங்கள். முந்தின நாள் செய்தால், படிவு விலகிய இடத்தில் வரும் கசிவை வழியில்தான் காண்பீர்கள்.

அடுத்தது பிரேக். சமதரையில் ஓட்டிப் பழகியவர் இறக்கத்தில் செய்வது பிரேக்கைத் தொட்டபடியே இறங்குவது. தட்டு சூடேறும், பிரேக் எண்ணெய் கொதிக்கும், மிதி பஞ்சுபோல இறங்கும். பழைய பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால் இன்னும் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். ஓட்டோமற்றிக் கியர்க் கார் என்றால் ‘எல்’, ஹைபிரிட்டில் ‘பி’. நியூற்றலில் விட்டுப் பெற்றோல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தை ஏ9இலேயே விட்டுவிடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி 20 நிமிடம் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டு நெளிந்துவிடும். இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி உள்ள ஹைபிரிட் கார்கள் ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனால் கியர்ப்பெட்டி சூடேறி எச்சரிக்கை காட்டும். பஸ்ஸை முந்த அவசரப்படாமல், இடம் கண்ட இடத்தில் நின்று, அது தூரப் போனபிறகு ஒரே சீராக ஏறுங்கள்.

பஸ்ஸில் கண்டி வரை போய், அங்கிருந்து வாகனம் வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழிதான். இருவரில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரியும் என்றால் இதுவே மேல். 300 கிலோமீற்றர் ஓட்டிக் களைத்த கையோடு மலை ஏறுவதைவிட நல்லது. வாகனத்தை எடுக்கும்போது வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி இரண்டின் திகதியையும் பார்த்து, ஸ்பெயார் ரயரில் காற்று இருக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள்.

நாள் எதுவோ, வழி அது

செப்டெம்பர் நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் 20 வரை நாள் கிடைத்தால் முதல் வழி, காரில். அதற்குப் பிறகு நவம்பர் முதற்கிழமை வரை, ஐந்து நாளும் மலையில் ஓட்டிய அனுபவமும் இருந்தால் இரண்டாவது வழி. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் முதல் வழியே. மூன்று நாள்தான் லீவு என்றால் றிவஸ்டன். மூன்று நாளுக்குள் நுவரெலியாவைத் திணிக்கப் பார்த்தால் இரவு ஓட்டம் கட்டாயமாகிவிடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

எந்த வழியானாலும் மாத்தளையில் தங்கும் இரவு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள்; தமிழிலும் வெளியிடுகிறார்கள். மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் வெட்டிய மண் மேட்டுக்குக் கீழே வாகனத்தை நிறுத்தக் கூடாது. செம்மஞ்சள் என்றால் ஒரு நாள் மாத்தளையிலேயே இருங்கள். சிவப்பு என்றால் திரும்புங்கள். வீதி மூடப்பட்டிருக்கிறதா என்று கேட்க அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அறைக்காரரிடம் பேசும்போதே “மழை கூடினால் இன்னொரு இரவு தங்கலாமா” என்று கேட்டு வைத்துக்கொண்டால், காலையில் அந்த முடிவை எடுப்பது இரண்டு பேருக்கும் சுகமாக இருக்கும்.